பலகைக்கு அடியில்

அன்று அமாவாசை. அதனால்தான் யாரும் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது ஆனி மாதத்து வெயில் ஓடுகளின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் தறிச்சத்தம் ஓயாத தெரு, ஆள் இல்லாத தெருவைப் போல ஊமையாகிக் கிடந்தது. அமாவாசையன்று நெசவாளர் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறியைத் தூசி தட்டித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியைப் பலகை போட்டு மூடி, அந்த வீட்டில் பலகையின் மேலும் ஒரு சின்னக் கோலம் போட்டிருந்தார்கள்.

வீட்டை வாங்க வந்த கலியாணசுந்தரத்துக்கு அது பிடித்திருந்தது. கூடத்தின் நடுவே இரண்டு தறிகளும் அலங்காரம் செய்துகொண்டு நின்ற விதம், ஏதோ சன்னிதிக்குள் நுழைந்துவிட்டதுபோல அவரைக் குரல் தாழ்த்திப் பேச வைத்தது. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கி, சரியாகப் பலகைக் கோலத்தின்மேல் விழுந்திருந்தது. அதையே ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்த அவர் மனைவி லோகாம்பாள் இரண்டு தறிகளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அமாவாசைல வந்து பாக்கணும்னு நான் ஏன் சொன்னேன்னு இப்ப தெரியுதாம்மா?" என்றான் தரகர் சீனிவாசன். "நல்ல நாளு. வூடும் அலங்காரமா இருக்குது. குடித்தனக்காரரும் வூட்லயே இருக்கிறாரு. வேற எந்த நாளு வந்தாலும் தறிச்சத்தத்துல ஒரு வார்த்த பேச முடியாது."

வீட்டை விற்கிற செல்லியம்மாள் திருத்தணியில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். குடியிருந்த நெசவாளர் முனிசாமி சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சுவரோரம் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். வாடகை மாதம் நாற்பத்தைந்து ரூபாய். ஒரு தறியில் அவன் நெய்கிறான், மற்றதில் அவன் மனைவி கங்கையம்மாள். எட்டு வருஷமாக இதே வீடு. கேட்காத எதையும் அவன் சொல்லவில்லை. கலியாணசுந்தரம் ஓடுகளைப் பார்த்தார், உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், கொல்லைக் கிணற்றில் வாளி இறக்கித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். "எவ்ளோ மேலாப்புல தண்ணி இருக்குது பாருங்க, ஆனியிலகூட" என்று லோகாம்பாளே சந்தோஷமாகச் சொன்னாள்.

வெற்றிலைத் தட்டில் ஐநூற்றொரு ரூபாய் அட்வான்ஸ் வைத்துவிட்டு வந்தார்கள். ஆடி கழிந்து ஆவணியில் பத்திரம் பதிவானது.

*

கலியாணசுந்தரம் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கேட் கீப்பர். காஞ்சிபுரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு லெவல் கிராசிங். அதன் பக்கத்தில் ஒரு வேப்ப மரம், ஒரு கேட் அறை. மணி அடித்தால் கேட்டை மூட வேண்டும், வண்டி போனால் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மூடிய கேட்டுக்கும் வந்த வண்டிக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி மாட்டிக்கொண்டது. வண்டிக்காரன் மாடுகளின் வாலை முறுக்கிக் கடைசி நொடியில் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கலியாணசுந்தரம் மணியை மட்டும் நம்பியதில்லை. தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பார். எங்கோ தொலைவில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வண்டி வரும்போதே இரும்புக்குள் ஒரு எறும்பு ஊர்வதுபோல் சத்தம் வரும். உடனே மூடிவிடுவார். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் முன்னாலேயே மூடிவிட்டுக் கொடியோடு நிற்பார். வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். "யோவ் கேட்டு, ரயிலு அரக்கோணத்துல டீ குடிச்சிக்கினு இருக்குதுய்யா, தொறந்து வுடுய்யா!" அவர் திறக்க மாட்டார். கேட்டு என்பதே அவர் பெயராகிப் போயிற்று.

ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் வேண்டுமா, பி.எஃப். பணம் மொத்தமாக வேண்டுமா என்று நடு வயதில் ஒருமுறை எழுதிக் கேட்டார்கள். அதே வாரம்தான் பக்கத்து கேட்டில் இருந்த சாமுவேல் இரண்டே மாதம் பென்ஷன் வாங்கிவிட்டு இறந்துபோயிருந்தார். பயந்துபோய் மொத்தப் பணம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஓய்வு பெற்று, சித்திரையில் அந்த மொத்தப் பணம் கைக்கு வந்தபோது அது எட்டாயிரத்து அறுநூறு ரூபாயாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த மாதமும் எதுவும் வராது. ரயில்வே வீட்டைக் காலி செய்துவிட்டு, கூரத்தில் அவர் அப்பா விட்டுப்போன ஓர் அறையில் இருவரும் குடியேறினார்கள். நிலம் இல்லை, பிள்ளைகள் இல்லை. ராத்திரிகளில் ரயில் போகாத அந்த ஊரின் அமைதியில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"வூடு வாங்கி வாடகைக்கு வுட்டுட்டா மாசம் பொறந்தா சம்பளம் மாதிரி வந்துக்கினு இருக்கும்" என்று சொன்னவள் லோகாம்பாள். "நெசவுக்காரங்க சட்டுனு வூடு மாத்த மாட்டாங்க. தறிய பேத்து எடுத்துக்கினு போறது லேசா இன்னா?"

அது உண்மைதான். தறி என்பது மேசை நாற்காலி மாதிரி தூக்கிப்போகிற சாமான் அல்ல. குழி வெட்ட வேண்டும், கம்பங்களை நட வேண்டும், நெடுக்கு இழைகளான பாவைப் பிணைக்க வேண்டும். அதனால் குழியுள்ள வீட்டுக்கு எப்போதும் ஆள் இருக்கும். கலியாணசுந்தரம் அதை நம்பித்தான் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தார். ஆவணி வாடகை வந்தது. புரட்டாசி வாடகையும் வந்தது. இரண்டு முறையும் அந்த ஒன்பது ஐந்து ரூபாய் நோட்டுகளை லோகாம்பாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள்.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை கூரத்துக்குப் பால் கொண்டுவரும் ஆள் ஒருவன், "முனிசாமி உங்கள ஒருதபா வந்துட்டுப் போகச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஓடு பிரிந்திருக்கும், சுவர் சரிந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டு வந்தார். வீடு நின்றிருந்தது. சுவர் நின்றிருந்தது. ஓடுகளும் ஒழுகவில்லை. அப்பாடா என்று உள்ளே நுழைந்தபோது தறிச்சத்தம் இல்லை என்பது உறைத்தது. அன்று அமாவாசை அல்ல.

கங்கையம்மாளின் தறியில் பாவு எடுத்துச் சுருட்டி மேலே கட்டியிருந்தது. முனிசாமி தன் தறியில் உட்கார்ந்திருந்தான். வேட்டியைத் தொடைவரை சுருட்டியிருந்தான். கலியாணசுந்தரம் குனிந்து பார்த்தார். குழிக்குள் அவன் கால்கள் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர் அசையாமல் இருந்தது. அதில் கூரைக் கண்ணாடியின் வெளிச்சம் ஒரு காசு போல மிதந்தது.

"எங்கேர்ந்து வருது? ஒழுகுதா?"

"மேலேர்ந்து வரலண்ணா. கீழேர்ந்து வருது. ஊத்து." முனிசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மழ நின்னாலும் நிக்காது. கெணத்துல எவ்ளோ ஏறுதோ அவ்ளோ இங்கயும் ஏறும்."

கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கையை நீட்டினால் தொடலாம் போலத் தண்ணீர் நின்றிருந்தது. ஆனியில் லோகாம்பாள் சந்தோஷப்பட்ட அதே தண்ணீர்.

"வருஷா வருஷம் வருதா?"

முனிசாமி குழிச் சுவரைக் காட்டினான். தண்ணீர் மட்டத்துக்கு மேலே மண்பூச்சில் வரிவரியாகக் கறை படிந்திருந்தது. எட்டு வருஷத்து எட்டு மழைக்காலம், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆனியில் அந்தப் பலகையை ஒரு விரல் நகர்த்தியிருந்தால் போதும், கறை தெரிந்திருக்கும்.

"ஏன்பா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

சொல்லிவிட்டு அவனுக்கே அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. குழியிலிருந்து ஈரக் காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தான்.

"செல்லியம்மா சொல்லிச்சிண்ணா. வித்தா நீ இங்கயே இருக்கலாம், விக்காட்டி பூட்டிக்கினு போயிடுவேன்னு. பாவு ஏத்தின தறிய தூக்கிக்கினு நான் எங்க போறது? எனக்கும் பயம்தான். மழைல ரெண்டு மாசம் வேல நிக்கும். அந்தம்மா அந்த ரெண்டு மாசம் வாடக வாங்காது. மத்தபடி ஓட்டிக்கினு இருந்தோம்."

கலியாணசுந்தரம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் வாடகை இல்லை என்பது மெல்ல அவருக்குள் இறங்கியது. ஆனால் முனிசாமி இன்னும் முடிக்கவில்லை.

"இந்த வருஷம் தண்ணி முந்தியே வந்துடுச்சிண்ணா. மிதிக்கட்டக் கயிறெல்லாம் அழுகுது. எங்க மச்சான் ஓரிக்கை ரோட்டுல மேடான எடம் பாத்துருக்கறான். இந்தச் சேலைய முடிச்சி தறிலேர்ந்து அறுத்ததும்…" என்று இழுத்தான். "மாசி பொறந்தா கெளம்பலாம்னு இருக்கறேன்."

*

தரகர் சீனிவாசன் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

"இன்னா கேட்டு, வூட்டுக்குள்ள மீன் வளக்கறியாமே?"

"சீனிவாசா, நீ தெரிஞ்சே பண்ணிட்டியேபா."

"நான் இன்னா பண்ணேன்? அமாவாசைல வானு சொன்னேன். நீயும் சரி நல்ல நாளுன்னு வந்தே. பலகைய தூக்கக் கூடாதுன்னு நான் அது மேல படுத்துக்கினா இருந்தேன்? முப்பது வருஷம் ரயில்வேல இருந்தவன், ஒரு பலகைய தூக்கிப் பாக்க மாட்டியா?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் எழுந்துகொள்ளப் பார்த்தார். சீனிவாசன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இப்போது குரல் தணிந்திருந்தது.

"இரு. கோவிச்சிக்காத. நான் வித்த வூட்ட நானே வித்துக் குடுக்கறேன். தை அமாவாச வரட்டும். முனிசாமி அதுக்குள்ள கெளம்பாம பாத்துக்கோ. தறி நிக்கணும். பூ போட்டு, கற்பூரம் காட்டி, பலகைய மூடி வெச்சிரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்.

*

முனிசாமியின் தறியில் இருந்த சேலையில் நாலு முழம் பாக்கி இருந்தது. அரக்குச் சிவப்பில் கல்யாணச் சேலை. கார்த்திகை முகூர்த்தத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் முனிசாமிக்கு நெய்யப் பட்டு கொடுத்த முதலாளியிடம் கெட்ட பேராகும். அதற்குப் பிறகு அவன் மாசிவரை காத்திருக்க மாட்டான், அடுத்த நாளே தறியைப் பிரித்துவிடுவான் என்று கங்கையம்மாள் லோகாம்பாளிடம் சொன்னாள்.

அதனால் லோகாம்பாளும் அவரும் மூன்று நாள் அந்த வீட்டிலேயே தங்கித் தண்ணீர் இறைத்தார்கள். முனிசாமி காலைத் தூக்கிக்கொள்ளும்போது அவர் குழியில் இறங்கித் தகர டப்பாவில் மொண்டு மேலே கொடுப்பார். லோகாம்பாள் வாங்கிக் குடத்தில் ஊற்றுவாள். கங்கையம்மாள் குடத்தைக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் கொட்டுவாள். கணுக்கால் அளவுக்கு வற்றியதும் முனிசாமி இறங்கி ஒரு சாண் நெய்வான். அதற்குள் மறுபடியும் ஏறிவிடும். ஒரு கட்டத்தில் கங்கையம்மாள், "கல்யாணப் பொண்ணு இந்தச் சேலைய கட்டிக்கினு எந்தக் கெணத்தண்ட போய் நின்னாலும் கெணறு பொங்கப் போவுது பாருங்க" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் குழியில் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது.

கலியாணசுந்தரம் அந்த மூன்று நாளில் ஒன்றைக் கண்டுபிடித்தார். யாரும் பேசாதபோது குழியின் ஓரத் தரையில் காதை வைத்தால் தண்ணீர் வருவது கேட்கும். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு மண்ணுக்குள் எங்கோ வெகு தூரத்தில் ஓர் எறும்பு ஊர்வதுபோல. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. இந்த முறை மூடுவதற்குக் கேட் எதுவும் அவர் கையில் இல்லை.

சேலை நெய்து முடிந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முனிசாமி புதிய பாவு ஏற்றவில்லை. கார்த்திகை வாடகை வரவில்லை, மார்கழியும் வரவில்லை. கூரத்தில் லோகாம்பாள் காலையில் ஒரு வேளை மட்டும் உலை வைத்தாள். மிச்சமிருந்த பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அதை எண்ணும்போது அவர் வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் இருட்டியதும் லோகாம்பாள் கேட்டாள், "தை அமாவாசைக்கு அவன் ஆளு கூட்டிக்கினு வருவானா?"

"வருவான்."

"யாராம்?"

"தெரியல."

அவள் விளக்கைத் தணித்துவிட்டு, "யாரா இருந்தா இன்னா" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

*

தை அமாவாசையன்று வீடு பார்க்க வந்தது ஒரு பெண். தனியாக வந்தாள். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு கறுப்புக் குடை, தோளில் நீண்ட பை. பெயர் கமலவேணி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்சாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் தான் இருந்துகொண்டு, கூடத்தைத் தறிக்காரர்களுக்கு விட்டுவிட யோசனை.

வீடு ஆனி அமாவாசை அன்று இருந்த மாதிரியே இருந்தது. சாமந்திச் சரம், சந்தனம், கற்பூர வாசனை. தறியில் பாவு இருக்க வேண்டுமே என்று முனிசாமி வேறொரு வீட்டிலிருந்து பாதி நெய்த ஒரு பச்சைச் சேலையைக் கொண்டுவந்து கட்டியிருந்தான். பலகையின் மேல் கோலம் போட்டது லோகாம்பாள். அதில் இழை ஒன்று கோணிப் போயிருந்தது. பலகைக்கு அடியில் இன்னும் ஒரு சாண் நாலு விரல் தண்ணீர் இருந்தது. காலையில் கலியாணசுந்தரம் அளந்துவிட்டுத்தான் மூடினார்.

கமலவேணி ஓடுகளைப் பார்த்தாள். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தாள். கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, "தண்ணி கஷ்டமே இருக்காது போல" என்றாள். தான் ஆனியில் பார்த்ததை எல்லாம் அதே வரிசையில் அவள் பார்ப்பதைக் கலியாணசுந்தரம் பார்த்துக்கொண்டு நின்றார். முனிசாமி சலவை வேட்டியோடு அதே சுவரோரம் நின்றான். கேட்டதற்குப் பதில் சொன்னான். தானும் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருப்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நீங்க ஏங்க விக்கறீங்க?" என்று கமலவேணி அவரிடம் கேட்டாள்.

சீனிவாசன் முந்திக்கொண்டான். "அவருக்கு ஊரோட இருக்கணும்னு ஆசம்மா. அங்கேர்ந்து வந்து வந்து பாத்துக்க முடியல."

"எனக்குப் பயமாத்தான் இருக்குது" என்று கமலவேணி லோகாம்பாள் பக்கம் திரும்பினாள். மூக்கின்மேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "எவ்வளவோ பேர் பிரசவத்தப் பாத்துட்டேன், கை நடுங்கினதில்ல. இந்த பி.எஃப். பணத்த எடுத்துக்கினு பஸ்ல வர்றப்ப பையப் புடிச்ச கைய எடுக்கலம்மா நான். இது போனா வேற இல்ல."

லோகாம்பாள் தலையை அசைத்தாள். சொல்ல வாய் திறந்தவள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல நாளு. நல்ல நேரம் இன்னும் அரை மணி இருக்குது" என்றான் சீனிவாசன். வெற்றிலைத் தட்டை எடுத்து முன்னால் வைத்தான்.

கமலவேணி பையின் கொக்கியைத் திறந்தாள். திறந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு, "ஒரு பூ தறிக்கு வெச்சிட்டு வந்துடறேன்" என்று தலையில் இருந்த முல்லைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போனாள். தறியின் குறுக்குக் கட்டை அவள் உயரத்துக்கு எட்டவில்லை. பலகையின்மேல் ஏறி நின்றாள். பலகை முனகியது. அதன் கீழே, மிக லேசாக, தண்ணீர் ஒருமுறை தளும்பியது.

வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கலியாணசுந்தரத்துக்குக் கேட்டது. கேட்டதும் அவர் எதையும் யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தைக் கடக்க வந்த மாடுகளையும் மனிதர்களையும் பார்த்துக் கத்திய குரல் அவர் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது.

"நவுரு! நவுரு! எறங்கு அங்கேர்ந்து!"

கூடம் முழுக்க அந்தக் குரல் அடித்து எதிரொலித்தது. கமலவேணி பயந்து துள்ளி இறங்கினாள். கையில் இருந்த பூ கோலத்தின்மேல் விழுந்தது. அவர் ஓடிப்போய் முழங்காலிட்டு, பலகையின் விளிம்பில் விரல்களை நுழைத்துத் தூக்கினார். கனமாக இருந்தது. லோகாம்பாள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கோலத்தின்மேல் கிடந்த பூக்கள் தண்ணீரில் சரிந்தன.

குழிக்குள் இருந்த தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஓட்டின் வெயில் அதில் விழுந்து, மேலே ஓடுகளின் உட்புறமெல்லாம் வெளிச்சமாக நெளிந்தது.

"அறிவிருக்குதாயா உனக்கு?" என்றான் சீனிவாசன். "உன் துட்ட நீயே குழில போட்டுக்கினியே! மாட்டுக்குக் கேட்டு போட்டவன நம்பி நான் ஆளக் கூட்டிக்கினு வந்தேன் பாரு!" வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பிறகு தட்டு வீட்டுக்காரருடையது என்பது நினைவு வந்து, திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனான்.

கமலவேணி குழியை வெகுநேரம் பார்த்தாள். ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பையின் கொக்கியை மூடினாள். "எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டு, கொடுத்ததைக் குடிக்காமல் முகத்தில் அடித்துக்கொண்டாள். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

"எப்பவுமே இருக்குமா?"

"ஐப்பசியில வரும்" என்றார் கலியாணசுந்தரம். "சித்திரையிலதான் முழுசா வத்தும்."

"உங்களுக்கு யாரும் காட்டலியா?"

"அன்னிக்கும் அமாவாசம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குடையை ஊன்றி எழுந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவின் ஓரமாகவே நடந்து போனாள். தறிச்சத்தம் இல்லாத தெருவில் அவள் செருப்புச் சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது.

அவர் உள்ளே வந்தார். லோகாம்பாள் தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும்போலத் தோன்றியது. அவள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் மிதந்த முல்லைப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லணும்னு நெனைக்கல லோகா" என்றார். "சத்தம் கேட்டுது. வாயி தானா…"

"தெரியும்" என்றாள் அவள்.

முனிசாமி சுவரை விட்டு நகர்ந்து வந்தான். மற்ற தறியின் பலகையையும் பிடித்துத் தூக்கினான். "இதயும் தொறந்து வுட்டுடலாம்ண்ணா. கொஞ்சம் காத்து போவட்டும்."

இரண்டு குழிகளும் திறந்து கிடந்தன. கூரை முழுக்க வெளிச்சம் ஆடிற்று. அந்த அலைகளுக்கு நடுவே மூன்று பேரும் ஒரு குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களைப்போல இருந்தார்கள்.

"மாசி பொறந்தா கெளம்பறேன்னு சொன்னியே முனிசாமி."

"இன்னும் பொறக்கலியேண்ணா" என்றான் அவன். போவேன் என்றும் சொல்லவில்லை, இருப்பேன் என்றும் சொல்லவில்லை. கங்கையம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பொங்கச் சோறு இருக்குது, சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

கலியாணசுந்தரம் குழிக்குள் கையை விட்டார். விரலை விரித்து அடிமண்ணிலிருந்து அளந்தார். காலையில் இருந்த அதே ஒரு சாண் நாலு விரல்.

"ஏறலியே?" என்று லோகாம்பாள் கேட்டாள்.

"ஏறல. இனிமே எறங்கும்."

"ஐப்பசி மறுபடியும் வருமே."

அவர் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே தரையில் குனிந்து காதை வைத்தார். மண் குளிர்ச்சியாக இருந்தது. லோகாம்பாள் பூக்களை மடியில் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.